ரோஜா முள்ளும் வெள்ளை அணுவும்: இலியா மெச்னிகோவின் வாழ்க்கை



போன மழைக்காலத்தில் நம் குடியிருப்பில் காய்ச்சல் எட்டிப் பார்க்காத பிளாக் இல்லை. ஒரு வீட்டில் கணவன், மனைவி இருவருக்குமே டெங்கு. ஒருவர் ஐந்தாம் நாள் எழுந்து வழக்கம்போல் பால் வாங்கப் போனார். மற்றவர் பிளேட்லெட் குறைந்து ஒரு வாரத்துக்கு மேல் மருத்துவமனையில் கிடந்தார். அதே கொசு, அதே கிருமி, ஒரே அடுப்பில் பொங்கிய சாப்பாடு. பிறகு ஏன் இந்த வித்தியாசம்? பூங்கா பெஞ்சில் இந்தக் கேள்வி வந்தபோது உடம்பு வாகு என்றார் ஒருவர், நேரம் என்றார் இன்னொருவர். எனக்கு நினைவுக்கு வந்தது இலியா மெச்னிகோவ் என்ற பெயர்.

கிருமிகளை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து உலகம் கொண்டாடிக்கொண்டிருந்த காலத்தில் வாழ்ந்தவர் அவர். கிருமி பாதிக் கதைதான், அது உள்ளே வந்ததும் உடம்பு என்ன செய்கிறது என்பதுதான் மீதிப் பாதி என்று சொல்லி, அதற்காக இருபத்தைந்து வருடம் சண்டை போட்டார். இத்தனைக்கும் அவர் டாக்டர் அல்ல. கடல் புழுக்களையும் நட்சத்திர மீன்களையும் ஆராய்ந்த விலங்கியல்காரர்.

1845 மே மாதம், அன்றைய ரஷ்யப் பேரரசில், இன்றைய உக்ரைனின் கார்கோவ் நகருக்கு அருகே ஒரு கிராமத்தில் பிறந்தார். அப்பா ராணுவ அதிகாரியாக இருந்து பண்ணை வீட்டுக்குத் திரும்பியவர். அம்மா எமிலியா யூத வம்சத்தில் வந்தவர். ஐந்து பிள்ளைகளில் இலியா கடைக்குட்டி. ஓரிடத்தில் நிற்காத பிள்ளை என்பதால் வீட்டில் பாதரசம் என்றே பெயர். எட்டு வயதில் செடிகொடிகளைப் பற்றி அண்ணன்மாருக்கும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கும் பாடம் நடத்துவானாம். உட்கார்ந்து கேட்பதற்குத் தன் கைக்காசையே கொடுப்பானாம். பேச்சாளர் காசு கொடுத்துக் கூட்டம் சேர்ப்பது புது வழக்கமல்ல என்று தெரிகிறது.

கார்கோவ் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடப் படிப்பை இரண்டே வருடத்தில் முடித்தார். ஜெர்மனி, இத்தாலி என்று சுற்றி, கடலில் வாழும் சின்னஞ்சிறு உயிர்கள் முட்டையிலிருந்து எப்படி உருவாகின்றன என்று ஆராய்ந்தார். 1865-இல் ஜெர்மனியில் ஒரு தட்டைப்புழுவை நுண்ணோக்கியில் வைத்தபோது, அதன் செல்கள் உணவை அப்படியே உள்ளே இழுத்து வைத்துச் செரிப்பதைக் கண்டார். அப்போது அது ஒரு சிறு தகவல். பதினேழு வருடம் கழித்துத்தான் அது பயன்பட்டது.

இருபத்தைந்து வயதிலேயே ஒடெஸா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். வேலை சரி, வாழ்க்கை சரியாக அமையவில்லை. 1869-இல் லுட்மிலா என்ற பெண்ணை மணந்தார். மணப்பெண்ணுக்குக் காசநோய். தேவாலய வாசலிலிருந்து நடந்து போகக்கூட மூச்சு இல்லாததால் நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். அப்படி நடந்த கல்யாணம் அது. குளிர் ஆகாது என்று இத்தாலிக்கும், பிறகு அட்லாண்டிக் கடலில் இருக்கும் மடீரா தீவுக்கும் மனைவியைக் கூட்டிப்போனார். செலவுக்காக ராத்திரியெல்லாம் மொழிபெயர்ப்பு செய்து கண்ணைக் கெடுத்துக்கொண்டார். 1873 ஏப்ரலில் மடீராவில் லுட்மிலா இறந்தார்.

காசநோய்க்கான கிருமியை ராபர்ட் காக் கண்டுபிடிக்க இன்னும் ஒன்பது வருடம் இருந்தது. மருந்து வர எழுபது வருடத்துக்கு மேல். அந்த நான்கு வருடமும் மனைவியின் பக்கத்திலேயே இருந்த மெச்னிகோவை அந்த நோய் வீழ்த்தவில்லை. அவர் அதை அப்போது ஒரு கேள்வியாக யோசித்தாரா தெரியாது. நமக்கு அந்தக் கேள்வி எழாமல் இருக்காது.

துக்கம் தாங்காமல், ஊர் திரும்பும் வழியில் மார்பின் மருந்தை அளவுக்கு மிஞ்சிக் குடித்தார். குடித்த அளவு அதிகம் என்பதாலேயே வாந்தியாகிப் பிழைத்துக்கொண்டார். அதன்பின் ஒரு ராத்திரி, விளக்கைச் சுற்றிப் பூச்சிகள் பறப்பதைப் பார்த்தாராம். ஒரு சில மணி நேரமே வாழும் இந்தப் பூச்சிகளுக்கு டார்வின் சொன்ன இயற்கைத் தேர்வு எப்படிப் பொருந்தும் என்று யோசனை ஓடியது. அந்த யோசனைதான் அவரைத் திரும்ப வேலைக்கு இழுத்து வந்தது.

இரண்டாவது கல்யாணத்தின் கதை அடுக்குமாடிவாசிகளான நமக்குப் பிடிக்கும். ஒடெஸாவில் அவருடைய வீட்டுக்கு மேல் மாடியில் பிள்ளைகள் நிறைந்த பெரிய குடும்பம் ஒன்று குடியிருந்தது. தடதடவென்று சத்தம். பொறுக்க முடியாமல் முறையிட மாடி ஏறிப் போனார். அந்த வீட்டின் மூத்த பெண் ஓல்காவுக்கு விலங்கியலில் ஆர்வம் என்று தெரிந்து பாடம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். 1875-இல் இருவருக்கும் கல்யாணம். நம் சங்கத்துக்கு மேல் மாடிச் சத்தம் பற்றி வரும் புகார்கள் எதுவும் இதுவரை இப்படி முடிந்ததில்லை. ஓல்கா பின்னாளில் ஓவியராகவும் சிற்பியாகவும் ஆனார். ஆய்வகத்தில் கணவருக்கு உதவியாளராக இருந்தார். அவர் எழுதிய கணவரின் வாழ்க்கை வரலாறு இல்லாவிட்டால் இந்தக் கதைகளில் பாதி நமக்குக் கிடைத்திருக்காது.

1880-இல் ஓல்காவுக்குக் கடுமையான டைபாய்டு. பிழைத்துக்கொண்டார். ஆனால் மெச்னிகோவின் மனம் உடைந்துவிட்டது. பல்கலைக்கழகத்தில் அரசியல், இதயக் கோளாறு, தூக்கமின்மை எல்லாம் சேர, 1881-இல் விட்டு விட்டு வரும் ஒரு வகைக் காய்ச்சல் கண்ட நோயாளியின் ரத்தத்தை எடுத்துத் தன் உடம்பில் ஏற்றிக்கொண்டார். செத்தாலும் அந்த நோய் ரத்தம் வழியே தொற்றுமா என்ற விஷயமாவது தெரியட்டும் என்பது கணக்கு. தொற்றியது. சாவின் விளிம்புவரை போனார். திரும்பி வந்தபோது, விசித்திரமாக, வாழும் ஆசையோடு வந்தார். அதன்பின் அந்தப் பக்கம் அவர் மனம் போகவே இல்லை.

1882-இல் பல்கலைக்கழக வேலையை உதறினார். ஓல்காவின் பெற்றோர் காலமாகிவிட, அவருடைய தம்பி தங்கைகளையும் சேர்த்துக்கொண்டு சிசிலித் தீவின் மெஸீனா நகரில் கடலோரம் ஒரு வீடு எடுத்தார். வரவேற்பறைதான் ஆய்வகம்.

அந்த வருடக் கடைசியில் ஒரு நாள் வீட்டில் எல்லோரும் சர்க்கஸ் பார்க்கப் போய்விட்டார்கள். மெச்னிகோவ் மட்டும் நுண்ணோக்கியோடு வீட்டில். கண்ணாடி போல உடம்புள்ள நட்சத்திர மீன் குஞ்சுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே சில செல்கள் அங்குமிங்கும் ஊர்ந்துகொண்டிருந்தன. சாயப்பொடியைப் போட்டால் அதை விழுங்கின. அந்த நேரத்தில்தான் அவருக்குப் பொறி தட்டியது. இந்த செல்கள் சாப்பாட்டுக்காக மட்டும்தான் விழுங்குகின்றனவா? வெளியிலிருந்து ஏதாவது உடம்புக்குள் நுழைந்தால் அதையும் இப்படிச் சூழ்ந்துகொள்ளாதா? நம் விரலில் சிராய் ஏறினால் அந்த இடம் சிவந்து, வீங்கி, சீழ் கட்டுகிறதே, அந்தச் சீழ் முழுக்க வெள்ளை அணுக்கள்தானே?

தோட்டத்துக்குப் போனார். பிள்ளைகளுக்காகச் சில நாள் முன்பு ஒரு சின்ன ஆரஞ்சு மரத்தைக் கிறிஸ்துமஸ் மரமாக அலங்கரித்திருந்த தோட்டம் அது. அங்கிருந்த ரோஜாச் செடியிலிருந்து முட்களைப் பறித்து வந்து, நட்சத்திர மீன் குஞ்சின் தோலுக்கடியில் மெல்லச் செருகினார். ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. விடிந்ததும் பார்த்தார். முள்ளைச் சுற்றி அந்த ஊரும் செல்கள் கூட்டம் கூட்டமாக மொய்த்திருந்தன.

இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். அன்றைய மருத்துவம் என்ன நினைத்தது என்று தெரிந்தால்தான் இதன் கனம் புரியும். வீக்கம் என்பது நோயின் கெடுதல், ரத்தக் குழாய்கள் பழுதாகி அதன் வழியே வெள்ளை அணுக்கள் கசிந்து வெளியே வருகின்றன என்பதுதான் பாடப்புத்தகம். நட்சத்திர மீன் குஞ்சுக்கு ரத்தக் குழாயே கிடையாது. குழாயே இல்லாத உயிரிலும் செல்கள் முள்ளை நோக்கி ஓடுகின்றன என்றால், அது கசிவு அல்ல, தாக்குதல். வீக்கம் என்பது உடம்பு பழுதாவதன் அடையாளம் அல்ல, உடம்பு சண்டை போடுவதன் அடையாளம். ஒரு முள்ளை வைத்து இவ்வளவு தூரம் போனதுதான் அவருடைய சாமர்த்தியம்.

அப்போது மெஸீனாவுக்கு வந்திருந்த ஜெர்மானிய மருத்துவ மேதை ருடால்ஃப் விர்கோ இதைக் கேட்டு உற்சாகப்படுத்தினார், கூடவே எச்சரிக்கவும் செய்தார். காரணம், இறந்தவர்களின் உடலில் வெள்ளை அணுக்களுக்குள் கிருமிகள் இருப்பதை மருத்துவர்கள் முன்பே பார்த்திருந்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட அர்த்தம் நேர் எதிரானது. வெள்ளை அணுக்கள் கிருமிகளுக்கு வாகனம், அவற்றில் ஏறித்தான் கிருமி உடம்பெங்கும் பரவுகிறது என்று நம்பினார்கள். மெச்னிகோவ் வியன்னா போய் விலங்கியல் பேராசிரியர் கிளாஸிடம் பேசியபோது, இந்த விழுங்கும் செல்களுக்குக் கிரேக்க மொழியில் ஃபாகோசைட் என்ற பெயர் கிடைத்தது. 1883-இல் கட்டுரை வெளியானது.

முள்ளை வைத்துக் காட்டினால் போதுமா? முள் கிருமி அல்லவே. அடுத்த வருடமே அதற்கும் பதில் கொண்டுவந்தார். மீன் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு டாஃப்னியா தெரிந்திருக்கும், குளத்து நீரில் துள்ளும் கடுகளவுப் பூச்சி. அதன் உடம்பும் கண்ணாடி மாதிரி. ஒருவகை ஈஸ்ட் பூஞ்சை அதைத் தாக்கும். அந்தப் பூஞ்சையின் வித்துகள் ஊசி போன்றவை. பூச்சி அவற்றை விழுங்கியதும் குடலைத் துளைத்துக்கொண்டு உடம்புக்குள் வருகின்றன. வந்த உடனே வெள்ளை அணுக்கள் சூழ்ந்து பிடித்துக் கரைத்துவிட்டால் பூச்சி பிழைக்கிறது. ஏதோ ஒரு வித்து தப்பி முளைத்துப் பெருகத் தொடங்கிவிட்டால், பிறகு அணுக்கள் எத்தனை வந்தாலும் ஈடுகொடுக்க முடிவதில்லை. பூச்சி செத்துப்போகிறது. ஒரே குளம், ஒரே பூஞ்சை. சில பிழைக்கின்றன, சில சாகின்றன. யார் முந்துகிறார்கள் என்பதில் முடிவு இருக்கிறது என்பதை அவர் உயிரோடு இருக்கும் பூச்சிக்குள்ளேயே கண்ணால் பார்த்தார். அந்தப் பூஞ்சை இனத்துக்கு இன்று அவருடைய பெயர்தான்.

என்னைக் கேட்டால், பிரபலமான ரோஜா முள்ளைவிட இந்த டாஃப்னியாதான் அவருடைய பெரிய கண்டுபிடிப்பு. பூங்கா பெஞ்சில் நாம் கேட்ட கேள்விக்கு முதல் ஒழுங்கான பதில் அந்தக் குளத்துத் தண்ணீரில்தான் கிடைத்தது.

பாஸ்டர் வெறிநாய்க்கடித் தடுப்பூசியைக் கொண்டுவந்ததும், 1886-இல் ஒடெஸாவில் அதற்கான நிலையம் தொடங்கி மெச்னிகோவைத் தலைவர் ஆக்கினார்கள். அது சரிவரவில்லை. மருத்துவர் அல்லாதவர் தலைமையா என்று உள்ளூர் மருத்துவர்கள் எதிர்த்தார்கள். ஆந்த்ராக்ஸ் தடுப்பூசி போட்ட செம்மறி ஆடுகள் ஏராளமாகச் செத்துப்போனது எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஆயிற்று. ஊரை விட்டு வேறு இடம் தேடினார். பெர்லினில் காக் முகம் கொடுத்தே பேசவில்லை. பாரிஸில் பாஸ்டர் இருகை நீட்டி வரவேற்றார். 1888-இல் பாஸ்டர் இன்ஸ்டிடியூட் திறந்தபோது மெச்னிகோவுக்கு அங்கே ஆய்வகம் கிடைத்தது. சம்பளம் வேண்டாம், இடம் போதும் என்று சேர்ந்தவர் கடைசிவரை அங்கேயே இருந்தார்.

ஒடெஸாவில் அவரிடம் படித்த ஒரு மாணவர் மறுவருடம் அவரைத் தேடி பாரிஸ் வந்தார். ஆய்வகத்தில் இடம் இல்லாததால் நூலகத்தில் உதவியாளர் வேலை வாங்கிக் கொடுத்தார் மெச்னிகோவ். அந்த மாணவர்தான் வால்டெமர் ஹாஃப்கின். 1893-இல் கல்கத்தா வந்து காலரா தடுப்பூசி போட்டவர், 1897-இல் பம்பாயில் பிளேக் தடுப்பூசியை உருவாக்கித் தன் உடம்பிலேயே முதலில் போட்டுப் பார்த்தவர். நம் தாத்தா பாட்டி காலத்து பிளேக் ஊசி அந்த வழியில் வந்தது. அவரைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம்.

பாரிஸில் மெச்னிகோவுக்கு நிம்மதி கிடைத்ததா என்றால் இல்லை. 1890-இல் பெர்லினில் எமில் பெரிங்கும் ஜப்பானியரான கிடாசாட்டோவும் ஒரு புது விஷயத்தைக் கண்டார்கள். நோய்க்குத் தாக்குப்பிடிக்கும் மிருகத்தின் ரத்தத்திலிருந்து அணுக்களை நீக்கிவிட்டு, தெளிந்த நீரை மட்டும் எடுத்து வேறு மிருகத்துக்கு ஏற்றினால் அதற்கும் பாதுகாப்பு வருகிறது. அப்படியானால் எதிர்ப்பு சக்தி இருப்பது ரத்த நீரில். விழுங்கும் அணுக்கள் வெறும் குப்பை அள்ளுபவை. இந்த சீரம் மருத்துவத்தால் தொண்டை அடைப்பான் கண்ட குழந்தைகள் பிழைத்தார்கள். கண்முன்னே பலன் இருக்கும்போது நட்சத்திர மீனை யார் கேட்பார்கள்?

அணுவா, நீரா என்ற இந்தச் சண்டை வருடக்கணக்கில் நடந்தது. பிரான்சும் ஜெர்மனியும் போர் முடிந்து முகம் திருப்பிக்கொண்டிருந்த காலம் வேறு. 1894-இல் பெர்லின் ஆய்வாளர் ஃபைஃபர், தடுப்பூசி போட்ட சீமைப்பெருச்சாளியின் வயிற்றுக்குள் காலரா கிருமிகளைச் செலுத்தியபோது, எந்த அணுவும் தொடாமலேயே அவை உடைந்து கரைவதைக் காட்டினார். மெச்னிகோவுக்கு அது மரண அடி. ஒவ்வொரு எதிர்ப்புக்கும் ராத்திரி பகலாகப் புதிய சோதனை செய்து பதில் கொடுத்துக்கொண்டே இருந்தார். கோபக்காரர். மாநாட்டு மேடையில் தலைமுடி கலைந்து, கை வீசிப் பேசுவார். ஆனால் எதிரிக்குச் சாதகமான உண்மை தன் ஆய்வகத்திலேயே கிடைத்தபோது அதை அமுக்கவில்லை. ரத்த நீரில் கிருமியைக் கரைக்கும் பொருள்கள் எப்படி வேலை செய்கின்றன என்று விளக்கிய பெல்ஜிய இளைஞர் ஜூல் போர்டே, மெச்னிகோவின் சொந்த மாணவர். பின்னாளில் அதற்கு நோபல் பரிசும் பெற்றார்.

1903-இல் லண்டனில் ஆம்ரோத் ரைட் இரண்டு கட்சிக்கும் பாலம் போட்டார். ரத்த நீரில் உள்ள சில பொருள்கள் கிருமியின் மேல் ஒட்டிக்கொண்டால் வெள்ளை அணுக்கள் அதை ஆவலாக விழுங்குகின்றன, ஒட்டாவிட்டால் பல கிருமிகளைத் தொடுவதே இல்லை என்று கண்டார். வெறும் கத்தரிக்காயைத் தள்ளிவைக்கும் பிள்ளை, மசாலா தடவி வதக்கினால் தட்டைக் காலி செய்வது போலத்தான். ரைட் அதற்கு வைத்த ஆப்சனின் என்ற பெயரும் சமைத்துத் தயார் செய்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஆக இரண்டு பேரும் சரி. 1908-இல் நோபல் குழு மருத்துவப் பரிசை மெச்னிகோவுக்கும், ரத்த நீர்க் கட்சியின் பெரிய தலையான பால் எர்லிக்குக்கும் சேர்த்துக் கொடுத்தது. இன்று நீங்கள் எடுக்கும் ரத்தப் பரிசோதனை அறிக்கையில் நியூட்ரோபில் என்று ஒரு வரி இருக்கும், பாருங்கள். அதுதான் மெச்னிகோவ் மைக்ரோஃபேஜ் என்று பெயரிட்ட சிறிய விழுங்கி. பெரிய விழுங்கிக்கு அவர் வைத்த மேக்ரோஃபேஜ் என்ற பெயர் அப்படியே நிலைத்துவிட்டது.

நடுவில் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக முடியாது. 1892-இல் பிரான்சில் காலரா. அந்தக் கிருமிதான் காலராவுக்குக் காரணமா என்ற சந்தேகம் அப்போதும் சிலருக்கு இருந்தது. மெச்னிகோவ் காலரா கிருமி வளர்த்த திரவத்தைத் தானே குடித்தார். ஒன்றும் ஆகவில்லை. உதவியாளர் ஒருவர் குடித்தார். அவருக்கும் ஒன்றுமில்லை. மூன்றாவதாக ஒருவர் குடித்தார். அவர் சாகக் கிடந்து பிழைத்தார். இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் இதற்கு அனுமதி தராது, தரவும் கூடாது. அந்த இளைஞர் இறந்திருந்தால் மெச்னிகோவ் தன்னை மன்னித்திருக்க மாட்டார். ஆனால் அவர் அதிலிருந்து எடுத்துக்கொண்ட கேள்வி பழைய கேள்விதான்: ஒரே திரவத்தைக் குடித்த மூன்று பேருக்கு ஏன் ஒரே விளைவு இல்லை? குடலில் ஏற்கெனவே குடியிருக்கும் வேறு கிருமிகள் சில காலராவுக்குத் துணை போகின்றன, சில தடுக்கின்றன என்று தட்டில் வளர்த்துக் காட்டினார்.

அந்த வழியே போய்த்தான் தயிருக்கு வந்தார். முதுமைக்குக் காரணம் பெருங்குடலில் அழுகல் கிருமிகள் உண்டாக்கும் விஷம், புளித்த பாலின் கிருமிகள் அதை அடக்கும் என்று முடிவு செய்தார். பல்கேரிய கிராமத்தார் நீண்ட நாள் வாழ்வதற்கு அவர்கள் குடிக்கும் புளித்த பால்தான் காரணம் என்றார். தானும் தினமும் குடித்தார், பச்சைக் காய்கறி தொடமாட்டார். 1904-இல் பாரிஸில் அவர் பேசிய பேச்சுக்குப் பிறகு ஐரோப்பாவில் தயிர் மருந்துக் கடைச் சரக்காகவே ஆகிவிட்டது. தினமும் மோர்சாதத்தில் முடிக்கும் நமக்கு இதைப் படிக்க இனிக்கும். ஆனால் நேர்மையாகச் சொன்னால், அவர் ஆதாரத்தைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டார். அவர் நம்பிய அந்த பல்கேரியக் கிருமி மனிதக் குடலில் நிலைத்துத் தங்குவதில்லை என்று பின்னால் தெரிந்தது. குடலில் வாழும் கிருமிகளுக்கும் நம் நலத்துக்கும் தொடர்பு உண்டு என்ற அடிப்படை மட்டும் நின்றது.

இன்னொரு முரணும் உண்டு. உடம்பின் காவலர்கள் என்று அவர் உலகத்துக்கு அறிமுகப்படுத்திய அதே விழுங்கும் அணுக்கள், வயதானபின் தலைமுடியின் கருமையைத் தின்று நரைக்க வைக்கின்றன, மூளையின் செல்களைக்கூடத் தின்கின்றன என்று எழுதினார். நரைக்குச் சொன்ன காரணம் தவறு. ஆனால் காவலர்களே கெடுதலும் செய்யக்கூடும் என்ற உள்ளுணர்வு தவறல்ல. உடம்பின் தற்காப்பு இன்னும் முழுமை அடையாத ஒன்று என்று அவர் முன்பே கருதினார். நாம் கோவிடில் அதைப் பார்த்தோம். வைரஸ் குறையத் தொடங்கிய பிறகும் உடம்பின் எதிர்த்தாக்குதல் அடங்காமல் நுரையீரலைப் பாழாக்கியது. எதிர்ப்பை அடக்கும் சாதாரண ஸ்டீராய்டு ஒன்று, வென்டிலேட்டரில் இருந்தவர்களின் சாவை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. டெங்குவிலும் அப்படித்தான். நான்கு வகை டெங்கு உண்டு. ஒரு வகைக்கு உடம்பு தயாரித்து வைத்த எதிர்ப்பொருள், அடுத்த முறை வேறு வகை வரும்போது அதை அழிக்காமல், மெச்னிகோவின் அதே விழுங்கும் அணுக்களுக்குள் கைப்பிடித்து அழைத்துப் போய்விடக் கூடும். இரண்டாவது டெங்கு சிலருக்குக் கடுமையாக வருவதற்கு இது ஒரு காரணம். முன்பு ஒருமுறை வந்துபோனதே, இனி பயமில்லை என்று இருந்துவிடாதீர்கள். காய்ச்சல் இறங்கும் நாட்களில்தான் கூடுதல் கவனம் வேண்டும்.

1911-இல், அறுபத்தாறு வயதில், காஸ்பியன் கடலுக்கு வடமேற்கே உள்ள கல்மிக் மக்களின் புல்வெளிகளுக்கு ஒரு குழுவோடு போனார். கடும் வெயில், கூடாரம், தண்ணீர்ப் பஞ்சம். இந்த வயதில் ஏன் என்று கேட்டால், காரணம் காசநோய். கல்மிக் இளைஞர்கள் புல்வெளியில் இருக்கும்வரை திடமாக இருக்கிறார்கள், நகரத்துக்குப் படிக்கப் போனால் காசநோயில் சாகிறார்கள். தோலைக் கீறி டியூபர்குலின் வைத்துப் பார்க்கும் சோதனை அப்போது புதிதாக வந்திருந்தது. உடம்பு அந்தக் கிருமியை முன்பே சந்தித்திருந்தால் கீறிய இடம் சிவந்து தடிக்கும். நம் பிள்ளைகளுக்குக் கையில் ஊசி போட்டு இரண்டு நாள் கழித்துப் பார்க்கிறார்களே, மான்டூ, அதற்கு அக்கா முறை. புல்வெளியின் உட்பகுதியில் பலருக்குத் தடிக்கவே இல்லை. ரஷ்யக் கிராமங்களை நெருங்க நெருங்கத் தடிப்பவர் எண்ணிக்கை கூடியது. சிறுவயதில் இலேசாகக் கிருமியைச் சந்தித்த உடம்பு பழகிக்கொள்கிறது, சந்திக்காத உடம்பு நகரத்தில் முதல்முறை சந்திக்கும்போது சாய்கிறது என்று முடிவுக்கு வந்தார்.

வலுவிழந்த கிருமியைச் சிறுவயதிலேயே கொடுத்துவிட்டால் என்ன என்ற எண்ணத்தில் அதே பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டைச் சேர்ந்த கால்மெட்டும் கேரனும் வருடக்கணக்கில் உழைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய பி.சி.ஜி. 1921-இல் முதல் குழந்தைக்குக் கொடுக்கப்பட்டது. நம்மில் பலருக்கு இடது தோளில் இருக்கும் தழும்பு அதுதான். அதைப் பார்க்க மெச்னிகோவ் இல்லை. காசநோய்க் கிருமி விழுங்கப்பட்ட பிறகும் சாகாமல், மேக்ரோஃபேஜுக்குள்ளேயே வருடக்கணக்கில் ஒளிந்திருக்க வல்லது, உடம்பு அதைச் சுற்றிச் சுவர் கட்டிச் சிறைவைக்கிறது, அந்தச் சுவர் இடியும்போதுதான் நோய் தலைதூக்குகிறது என்பதெல்லாம் பிறகு விரிவாகத் தெரியவந்தவை. லுட்மிலாவின் நுரையீரலில் என்ன நடந்தது என்பதற்கான பதில் அங்கேதான் இருந்தது.

1914-இல் போர் வந்தது. ஆய்வகத்து இளைஞர்கள் போர்முனைக்குப் போனார்கள், சோதனை மிருகங்களைக் கொன்றார்கள், இன்ஸ்டிடியூட் காலியானது. போர் வராது என்று நம்பியிருந்தவர் சட்டென்று கிழவராகிவிட்டார். பாஸ்டர், லிஸ்டர், காக் மூவரைப் பற்றியும் ஒரு புத்தகம் எழுதினார். அவமதித்த காக்கையும் அதில் நவீன மருத்துவத்தைக் கட்டியவர்களில் ஒருவராகவே வைத்தார். இதயம் தளர்ந்தது. பாஸ்டர் வாழ்ந்த வீட்டுக்கே அவரைக் கொண்டுவந்து படுக்க வைத்தார்கள். தன் மூச்சுத்திணறலையும் நாடித்துடிப்பையும் தானே ஒரு சோதனை போலக் குறித்துக்கொண்டு வந்தார். இத்தனை வருடம் புளித்த பால் குடித்தவருடைய குடல் எப்படி இருக்கிறது என்று இறந்தபின் கவனமாகப் பார்க்கும்படி நண்பரான மருத்துவரிடம் சொல்லிவைத்தார்.

1916 ஜூலை 15-ஆம் தேதி, எழுபத்தொன்றாவது வயதில் காலமானார். ஓல்கா பக்கத்தில் இருந்தார். அவருடைய அஸ்திக் கலசம் பாஸ்டர் இன்ஸ்டிடியூட் நூலகத்தில், ஹாஃப்கினுக்கு அவர் வேலை வாங்கிக்கொடுத்த அதே நிறுவனத்தின் புத்தக அலமாரிகளுக்கு நடுவே இருக்கிறது.